அதிசயத்தின் ஐந்தொகை



காடாறு மாதம், நாடாறு மாதம் என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். பிள்ளையைப் பார்க்க அமெரிக்காவுக்கும் வீட்டைப் பார்க்கச் சென்னைக்குமாக அலையும் பெற்றோரைப் பார்த்தும் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. விக்கிரமாதித்தனுக்குக் கிடைத்த வரம், சிங்காதனத்தில் அமர்ந்து ஆயிரம் ஆண்டு ஆளலாம் என்பது. மந்திரி பட்டியோ காளியிடம் இரண்டாயிரம் ஆண்டு ஆயுள் வாங்கிவிட்டான். அரசனுக்கு ஆயிரம், மந்திரிக்கு இரண்டாயிரம் என்றால் இடிக்கிறது. பட்டி வரத்தின் வாசகத்தைப் புரட்டிப் பார்க்கிறான். ஆயிரம் என்பது சிங்காதனத்தில் இருக்கும் காலத்துக்குத்தானே? ஆண்டுக்கு ஆறு மாதம் நாட்டில் ஆண்டு, மீதி ஆறு மாதத்தைக் காட்டில் கழித்தால் ஆயிரம் இரண்டாயிரமாக நீள்கிறது. பதிப்புக்குப் பதிப்பு விவரம் சற்று மாறும், கணக்கு மாறாது. தேவலோகத்துச் சிங்காதனம் பூமிக்கு எப்படி வந்தது என்று இந்தக் கதையைக் கேட்டவர்கள் மல்லுக்கு நிற்பதில்லை. ஆறும் ஆறும் பன்னிரண்டு என்பது பொருந்தி வந்ததும் மனம் திருப்தியாகிவிடுகிறது. அந்தத் திருப்தி எங்கிருந்து வருகிறது என்பதுதான் இன்றைய உரையின் பொருள்.

அண்மையில் படித்த, சிலவற்றை மறுபடியும் படித்த, மிகுபுனைவு நூல்களையும் அறிவியல் புனைகதைகளையும் முன்வைத்துப் பேசப் போகிறேன். புத்தகக் கடையில் இரண்டுக்கும் தனித்தனி அலமாரி. ஒன்றில் மந்திரவாதியும் டிராகனும், மற்றதில் விண்கலமும் வேற்றுக்கிரகவாசியும். முன்னது நடக்கவே முடியாதது, பின்னது என்றாவது நடக்கக்கூடியது என்று இலக்கணமும் சொல்லிவைத்திருக்கிறார்கள். படிக்கப் படிக்க இந்தச் சுவர் எனக்கு மெலிந்துகொண்டே வருகிறது. இரண்டும் ஒரே தொழில். இல்லாத ஒன்றை ஆசிரியர் வாசகனிடம் கைமாற்றாக வாங்குகிறார். வாங்கியதற்குக் கதை முழுவதும் வட்டி கட்டுகிறார். கட்டியவரை நம்புகிறோம், கட்டாதவரை நம்புவதில்லை. கடனாக வாங்கியது மந்திரக்கோலா, அணு எந்திரமா என்பது இரண்டாம்பட்சம்.

இதே துறையில் பெயர்பெற்ற இன்னொரு உரையும் இதைப்போல் நினைவுச் சொற்பொழிவாகவே நிகழ்ந்தது. 1939 மார்ச் 8 அன்று ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில், ஆண்ட்ரூ லாங் பெயரிலான சொற்பொழிவில், ஜே. ஆர். ஆர். டோல்கீன் தேவதைக் கதைகளைப் பற்றிப் பேசினார். வாசகன் தன் அவநம்பிக்கையை விரும்பியே சற்று ஒதுக்கிவைக்கிறான் என்று கோல்ரிட்ஜ் 1817-இல் எழுதியிருந்தார். டோல்கீன் இதற்கு உடன்படவில்லை. அவநம்பிக்கையை முயன்று ஒதுக்க வேண்டிய நிலை வந்துவிட்டாலே கதை தோற்றுவிட்டது என்பது அவர் கட்சி. பச்சைச் சூரியன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அந்தச் சூரியன் இயல்பாக உதிக்கும் உலகத்தைக் கட்டுவதற்குத்தான் உழைப்பு வேண்டும் என்பது அவர் தந்த உதாரணம். அந்த உழைப்பைக் கணக்கெழுதும் உழைப்பு என்பேன். பச்சை வெயிலில் காயும் வேட்டி என்ன நிறமாகத் தெரியும், அங்கே கனிந்த பழத்தை எப்படி அடையாளம் காண்பார்கள், குங்குமத்துக்கு அங்கே என்ன மரியாதை? ஒரு வரியில் சொன்ன அதிசயத்துக்கு நூறு வரியில் செலவு எழுத வேண்டியிருக்கிறது.

இதை முதலில் தெளிவாகக் கண்டுகொண்டவர் எச். ஜி. வெல்ஸ் என்று தோன்றுகிறது. ஜூல் வெர்ன் 1903-இல் அளித்த ஒரு பேட்டியில், தான் இயற்பியலைப் பயன்படுத்துவதாகவும் வெல்ஸ் இட்டுக்கட்டுவதாகவும் குறைப்பட்டுக்கொண்டார். வெர்னின் மனிதர்கள் பீரங்கியில் நிலவுக்குப் போனார்கள். வெல்ஸின் மனிதர்கள் ஈர்ப்பு விசையைத் தடுக்கும் ஒரு பொருளை வைத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பொருளைக் கொண்டுவந்து காட்டட்டும் என்பது வெர்னின் சவால். பார்வைக்கு வெர்ன் பக்கம்தான் நியாயம். ஆனால் 1865-இல் அவர் வார்த்த பீரங்கியின் நீளம் 900 அடி. அந்த நீளத்துக்குள் பூமியைவிட்டுத் தப்பும் வேகத்தை எட்ட வேண்டுமானால், உள்ளே இருப்பவர்கள் மீது புவியீர்ப்பைப்போல் இருபதாயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் விழும். வெர்ன் தண்ணீர் மெத்தை போட்டுப் பார்க்கிறார், பயனில்லை. புறப்பட்ட கணமே மூவரும் கூழாகியிருப்பார்கள். வெல்ஸ் தன் இல்லாத பொருளைக் கேவரைட் என்று பெயரிட்டு ஒரே வரியில் வாங்கிக்கொள்கிறார். பிறகு நடப்பதுதான் அவர் திறமை. கேவரைட் தகடு முதன்முதலாக உருவான நிமிடத்தில் அதற்கு மேலே இருக்கும் காற்றுக்கும் எடை போய்விடுகிறது. எடையில்லாத காற்று மேலே பீறிட, சுற்றிலுமுள்ள காற்று அந்த இடத்துக்குப் பாய, அதுவும் எடையிழந்து எழ, வீட்டுக்கூரை பிய்த்துக்கொண்டு போகிறது. தகடும் கூடவே பறந்து தொலைந்திராவிட்டால் பூமியின் காற்று மண்டலமே அந்த ஓட்டை வழியாக வெளியேறியிருக்கும் என்று கண்டுபிடித்தவர் நிதானமாக விளக்குகிறார். ஈர்ப்பைத் தடுக்கலாம் என்றதும் பறக்கலாம் என்று நினைப்பவன் சாதாரண ஆசிரியன். கூரை போய்விடுமே என்று நினைத்தவர் வெல்ஸ். ஒரு கதைக்கு ஒரு நடவாத காரியம் போதும், மற்றதெல்லாம் அன்றாட வாழ்க்கையாகவே இருக்கட்டும் என்ற கருத்தில் 1930-களில் தன் தொகுப்பு ஒன்றின் முன்னுரையில் எழுதினார். வரவில் ஒரே ஒரு பதிவு, மிச்சமெல்லாம் செலவு.

இந்த மரபில் இன்று எழுதுகிறவர்களில் ஆண்டி வியரைச் சொல்லலாம். அவருடைய 'தி மார்ஷன்' ஒரு புயலில் தொடங்குகிறது. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே விண்கலத்தைச் சாய்க்கும் புயல் அடிக்காது. வியருக்கே இது தெரியும், ஒப்புக்கொண்டும் இருக்கிறார். என்றாலும் யாரும் புத்தகத்தை மூடிவைக்கவில்லை. புயல் கடன் வாங்கும் இடம். அங்கே சலுகை உண்டு. தனியே விடப்பட்ட மார்க் வாட்னி உருளைக்கிழங்குக்குத் தண்ணீர் தேடும் இடத்தில்தான் நாம் கறாராகிறோம். ராக்கெட் எரிபொருளைச் சிதைத்து ஹைட்ரஜன் எடுத்து, அதை எரித்துத் தண்ணீராக்குகிறான். எல்லாம் சரியாகப் போகும்போது வெடிக்கிறது. தான் மூச்சுவிடும்போது வெளியேறிய ஆக்சிஜனைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டான். தன் மூச்சையே பேரேட்டில் ஏற்றத் தவறிய அந்த இடத்தில் மொத்தப் புத்தகமும் நம்பத்தக்கதாகிவிடுகிறது.

2021-இல் வந்த 'ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி' இதைவிட ஒரு படி மேல் என்பேன். அதில் ராக்கி என்ற வேற்றுக்கிரகப் பொறியாளன் வருகிறான். அவன் வாழும் காற்று அம்மோனியா. அழுத்தம் 29 மடங்கு, வெப்பம் 210 டிகிரி. அவ்வளவு தடித்த காற்றுக்குள் வெளிச்சம் தரைவரை வருவதில்லை. வெளிச்சம் இல்லாததால் அந்த இனத்துக்குக் கண்ணே இல்லை, ஒலியால்தான் உலகை அறிகிறார்கள். அந்தக் காற்றுப் போர்வைக்குள் விண்வெளிக் கதிர்வீச்சும் நுழையாததால் அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஆகவே விண்கலத்தில் அதற்குத் தடுப்பு வைக்கவில்லை. கிளம்பிய 23 பேரில் எரிபொருள் அருகே வேலை பார்த்த ராக்கி மட்டும், அந்த எரிபொருளே கவசமானதால், பிழைக்கிறான். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஐன்ஸ்டீனின் சார்பியலும் அவர்களுக்குத் தெரியாது. பயணக் கணக்கைத் தப்பாகப் போட்டுத் தேவைக்கு மிஞ்சிய எரிபொருளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். திரும்பிப் போக எரிபொருளின்றி வந்த மனிதனுக்கு அந்த உபரிதான் ஊருக்கு வழி. ஓர் அறியாமை 22 உயிரைக் கொல்கிறது, மற்றொரு அறியாமை ஓர் உயிருக்கு வரவாகிறது. கண் இல்லாத உயிரினம் என்று முதலில் எழுதிய ஒரு சொல்லிலிருந்து இவ்வளவும் கிளைக்கிறது. வியரின் உரைநடையில் நயம் குறைவு, நகைச்சுவை சில இடங்களில் விடலைத்தனமானது, மறுக்கவில்லை. ஆனால் கணக்குப்பிள்ளை நேர்மையானவர்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கற்பனையைப் பேரேடாக்கிவிட்டால் அதிசயம் செத்துவிடாதா? மறுப்பு நியாயமானதே. பிராண்டன் சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்' நாவல்களில் மந்திரவாதிகள் உலோகத்தை விழுங்கி வயிற்றுக்குள் எரிக்கிறார்கள். இன்ன உலோகத்துக்கு இன்ன சக்தி என்று பட்டியலே உண்டு. நாணயத்தைக் கீழே எறிந்து மனத்தால் அதைத் தள்ளினால், நாணயம் தரையில் ஊன்றிக்கொள்ள, தள்ளியவர் மேலே எழும்புகிறார். வாசகனுக்கு எவ்வளவு புரிந்திருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் மந்திரத்தால் சிக்கலைத் தீர்க்கலாம் என்று அவர் விதியும் வகுத்திருக்கிறார். கெட்டிக்காரத்தனம் மறுக்க முடியாதது. ஆனால் சில நூறு பக்கம் கடந்ததும் விளையாட்டின் விதிப்புத்தகத்தைப் படிக்கும் சோர்வு வருகிறது. கணக்கு இருப்பது இங்கே குறை இல்லை. உலோகம் தீர்ந்தால் இன்னொரு குப்பி கிடைக்கிறது. பாக்கி பெரும்பாலும் சரக்கில் தீர்கிறது, ஆளின் மேல் ஏறுவது குறைவு. எதைக் கொடுத்துக் கணக்கைத் தீர்க்கிறார்கள் என்பதில்தான் தரம் பிரிகிறது.

சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' நாவலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2020-இல் வெளியாகி மறு ஆண்டு பெண் எழுத்தாளர்களுக்கான விமன்ஸ் பிரைஸ் பெற்றது. முடிவில்லாத மண்டபங்கள், மண்டபம் தோறும் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல், மேல்தளத்தில் மேகம் என்று ஒரு வீடு. அதில் கிட்டத்தட்டத் தனியாக வாழ்பவன் அலைகள் எப்போது எந்த மண்டபத்தில் ஏறும் என்று அட்டவணை போடுகிறான், நாட்குறிப்புக்குப் பொருளடைவு வைக்கிறான், உலகில் இதுவரை வாழ்ந்தவர்கள் 15 பேர் என்று எலும்புக்கூடுகளையும் சேர்த்து எண்ணிவைத்திருக்கிறான். ஒருநாள் ஆல்பட்ராஸ் பறவைகள் வருகின்றன. கூடு கட்ட அவற்றுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று இவன் கவனிக்கிறான். தான் உலர்த்திச் சேர்த்துவைத்த கடற்பாசியில் எவ்வளவு கொடுக்கலாம் என்று யோசிக்கிறான். அதுதான் அவனுடைய விறகு. கொடுத்தால் சில நாள் குளிரில் கிடக்க வேண்டும். உலகத்தில் ஒரு பறவை கூடுவதற்கு அது பெரிய விலையில்லை என்று முடிவுகட்டி வாரிக்கொண்டுபோய்ப் போடுகிறான். முடிவில்லாத வீட்டை நான் நம்பியது அதன் பிரம்மாண்டத்தால் இல்லை. அந்தச் சில நாள் விறகால். கணக்கு அதிசயத்தைக் கொல்கிறது என்பவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கட்டும். எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் உலகத்தில் கொடை என்ற செயலுக்கே இடமில்லை. பின்னால் தெரிகிறது, அந்த வீடும் அவனிடம் ஒரு விலையை வசூலித்துக்கொண்டே இருந்திருக்கிறது: அங்கே தங்கியவன் தன் பழைய பெயரையும் வாழ்வையும் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோகிறான்.

அடுத்த மறுப்பு கனமானது. காஃப்காவை என்ன செய்வது? 1915-இல் வெளிவந்த 'உருமாற்றம்' கதையில் ஒருவன் பூச்சியாகிறான். ஏன், எப்படி என்று ஒரு சொல் கிடையாது. விதி சொல்லப்படவில்லை, விளக்கம் இல்லை, கணக்கு எங்கே? என் பதில், கணக்கு காரணத்துக்குக் கேட்கப்படுவதில்லை, விளைவுக்குத்தான் கேட்கப்படுகிறது என்பது. பூச்சியாகிக் கிடக்கும் கிரிகோர் முதலில் நினைப்பது ஐந்து மணி ரயிலைத் தவறவிட்டதை. அடுத்து அலுவலகத்து மேலாள் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுகிறார். முதலாளியிடம் பெற்றோர் பட்ட கடன் தீர இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் பிடிக்கும். அப்பா அவனிடம் சொல்லாமல் சேர்த்துவைத்த பணம் கொஞ்சம் இருக்கிறது, அது எத்தனை நாளைக்கு வரும்? வருமானம் போதாமல் மூன்று பேரை வீட்டில் குடிவைக்கிறார்கள். உலகின் மிக விசித்திரமான கதைகளில் ஒன்று, வரி வரியாகப் பார்த்தால், ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வரவு செலவுப் பட்டியல்.

நமக்கு இது புதிதில்லை. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னைக்கு வருகிறார். வருவதற்கு முன்பே, பிராட்வே முனையில் நின்றுகொண்டு கந்தசாமிப் பிள்ளை ஒரு கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறார். டிராமில் போனால் மிஞ்சும் காலணாவுக்கு வெற்றிலை. பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றிக் கொஞ்ச தூரம் போய்விட்டால் அரைக் கப் காப்பி, ஆனால் வெற்றிலை கிடையாது. அந்தக் காலணாவின் மேல்தான் கடவுள் வந்து இறங்குகிறார். பிள்ளை அவரையும் தன் பத்திரிகைக்குச் சந்தாதாரர் ஆக்கப் பார்க்கிறார். வெல்ஸ் முன்னுரையில் சொன்ன ஒரே நடவாத காரியம், மற்றதெல்லாம் அன்றாடம் என்ற இலக்கணத்துக்கு இதைவிடக் கச்சிதமான எடுத்துக்காட்டு ஆங்கிலத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. புராணத்துக்குக் கணக்கு கிடையாது, பக்தி கேள்வி கேட்காது என்பாரும் உண்டு. அவர்களுக்கு இரணியனை நினைவூட்டினால் போதும்: பகலிலும் இரவிலும், உள்ளேயும் வெளியேயும், மனிதனாலும் மிருகத்தாலும் என்று வரத்தின் ஒவ்வொரு ஷரத்தும் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றப்பட்டே அவன் கொல்லப்படுகிறான். பத்திரம் எழுதுபவர் படித்து வியக்க வேண்டிய கதை.

எல்லாப் புகழ்பெற்ற நூலும் இந்தத் தேர்வில் தேறுவதில்லை. சீன எழுத்தாளர் லியு சிஷினின் 'மூன்று உடல் பிரச்சினை' 2015-இல் ஹியூகோ விருது பெற்றது. பண்பாட்டுப் புரட்சியில் தொடங்கும் அதன் முதல் பகுதி மிக வலுவானது. ஆனால் வேற்றுக்கிரகத்தார் ஒரு புரோட்டானை விரித்து, அதில் கணினியைப் பொறித்து, மறுபடி சுருக்கிப் பூமிக்கு அனுப்புகிறார்கள். விரிக்கும் முயற்சிகள் தோற்பதை அவர் காட்டும் பக்கங்கள் அருமை; அங்கே விலை கொடுக்கப்படுகிறது. பூமிக்கு வந்து சேர்ந்தபின் அந்தத் துகள் ஒற்றறிகிறது, ஆய்வுக்கூடச் சோதனைகளைக் குலைக்கிறது, ஒருவர் கண்ணுக்குள் எண்களை ஓடவிடுகிறது. இவ்வளவு முடியும் என்றால் மற்றது ஏன் முடியவில்லை என்ற கேள்வி ஒவ்வொரு பக்கத்திலும் கூடவே வருகிறது. வரம்பில்லாத கடன் அட்டை கையில் கிடைத்த ஆசிரியரின் சிக்கல் இது.

இனி, நான் மிக அதிகம் கற்றுக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். உர்சுலா கே. லெ குவினின் எர்த்ஸீ நூல்களை வரிசையாகப் படித்தால், ஓர் ஆசிரியர் தன் கணக்கைத் தானே தணிக்கை செய்வதைக் காணலாம். 1968-இல் வந்த முதல் நூலில் கெட் என்ற சிறுவன் ஓகியான் என்ற மந்திரவாதியிடம் சீடனாகச் சேர்கிறான். மலைவழியில் மழை பிடித்துக்கொள்கிறது. சில்லறை மந்திரவாதிகள்கூட மழையை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுவார்கள். ஓகியான் ஒன்றும் செய்யாமல் அடர்ந்த மரமொன்றைப் பார்த்து அதன் கீழே படுத்துக்கொள்கிறார். புதருக்குள் நனைந்து குந்தியிருக்கும் பையனுக்கு ஆத்திரமாக வருகிறது: சக்தியைப் பயன்படுத்த மாட்டேன் என்பவருக்குச் சக்தி எதற்கு? தள்ளிய மழை வேறெங்கோ விழும் என்ற கணக்கு அவனுக்குப் பிடிபட ஒரு நாவல் முழுக்க ஆகிறது. 1972-இல் வந்த மூன்றாம் நூலில் உயிருக்கும் சாவுக்கும் இடையே திறந்துவிட்ட கதவை மூட கெட் தன் சக்தி மொத்தத்தையும் செலவழித்துவிடுகிறான். ஐந்தொகை நேராகிவிட்டது என்று வாசகர்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடினார்கள்.

லெ குவின் மூடவில்லை. பதினெட்டு ஆண்டு கழித்து, 1990-இல், 'தெஹானு' வந்தது. முதல் நூலில் போகிற போக்கில் ஒரு பழமொழி உண்டு, பெண்களின் மந்திரம் பலவீனமானது, பொல்லாதது என்று. ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் பெண்களுக்கு இடமே இல்லை. அந்த உலகத்தின் சமநிலைக்கு யார் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று இந்த நூல் திரும்பிப் பார்க்கிறது. சொந்த மனிதர்களே தீயில் தள்ளி முகம் வெந்துபோன ஒரு குழந்தை, அவளை வளர்க்கும் ஒரு விதவை, சக்தி போய்ப் பழைய ஆட்டு மேய்ச்சலுக்கே திரும்பும் கெட். கொள்கைக்காகக் கதையைக் கெடுத்துவிட்டார், நமக்குப் பிடித்த வீரனை ஆடு மேய்க்கவிட்டார் என்று வருந்தியவர்கள் உண்டு. நாவலின் சில இடங்களில் பாத்திரங்கள் வாதம் செய்கின்றன, கதை நின்றுவிடுகிறது. அந்த அளவுக்குக் குறையை ஏற்கிறேன். ஆனால் அந்தப் பழமொழியை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து திணிக்கவில்லை. அது 1968-இல் அவர் கையாலேயே எழுதிய பதிவு. சமநிலையே உலகின் முதல் விதி என்று சொன்ன ஆசிரியர், பாதிப் பேரைச் சேர்க்காமல் போட்ட சமநிலைக்கு விளக்கம் சொல்லத்தானே வேண்டும்?

2001-இல் வெளியான 'தி அதர் விண்ட்' நாவலில் மிகப் பழைய நிலுவை ஒன்று தீர்க்கப்படுகிறது. முதல் நூல்களில் இறந்தவர்கள் போய்ச் சேரும் வறண்ட நிலம் வருகிறது. தாழ்வான ஒரு கற்சுவர், அதற்கு அப்பால் நகராத நட்சத்திரங்கள், வீசாத காற்று, ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் கடந்துபோகும் காதலர்கள். சாவு என்றால் அந்த உலகத்தில் அப்படித்தான் என்று வாசகன் ஏற்றுக்கொண்டிருந்தான். அந்த நிலம் திருடப்பட்டது என்று இப்போது தெரியவருகிறது. பழங்காலத்து மந்திரவாதிகள் சாகாமல் இருக்கும் ஆசையில் டிராகன்களின் மேற்கிலிருந்து ஒரு பகுதியை அபகரித்துச் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். எழுப்பியதும் உள்ளே காற்று நின்றுவிட்டது. சாகாவரம் வாங்கியவர்களுக்குக் கிடைத்தது சாக முடியாத நிலை. இதைப் பெரிய மந்திரவாதி யாரும் கண்டுபிடிக்கவில்லை. உடைந்த பாத்திரங்களை ஒட்டிப் பிழைக்கும் ஆல்டர் என்ற எளிய வித்தைக்காரனின் கனவில், செத்துப்போன மனைவி அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து கை நீட்டுகிறாள். அவன் உறங்கவே அஞ்சுகிறான், ஊர் ஊராகப் போய் விளக்கம் கேட்கிறான், கடைசியில் அந்தச் சுவருக்கே வந்து நிற்கிறான். வாழ்நாள் எல்லாம் உடைந்ததைச் சேர்த்தே பழகிய கை, சுவரிலிருந்து ஒரு கல்லைப் பிடித்து இழுக்கத் தொடங்குகிறது.